முடிச்சு அவிழாத முப்பத்தொரு சோப்புகள்

தெருவில் அவளை நுரையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். சாயங்காலம் வீட்டில் சோப்பு காய்ச்சுவாள். விற்பதற்கு இல்லை. மகளுக்கு ஆறு வயதில் கடைச் சோப்பு பட்டாலே முழங்கை மடிப்பெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். டாக்டர்கள் களிம்பு எழுதிக் கொடுத்தே ஓய்ந்தார்கள். இவள் எண்ணெயையும் காரத்தையும் அளந்து, கையைச் சுட்டுக்கொண்டு, நாலு தடவை கெடுத்து, ஐந்தாவது தடவை ஒரு சோப்பு செய்தாள். பிள்ளை அன்றைக்குச் சொறியாமல் தூங்கியது. அதிலிருந்து அவளுக்குச் சோப்புக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு நாள் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் குடியேறினாள். சோப்பு தபாலில் போய்க்கொண்டே இருந்தது. "உன் சோப்பு இல்லாட்டி என் உடம்பு கேக்காதும்மா" என்று மகள் போனில் சொல்வாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நுரையம்மா ஒரு வாரம் ஓட்டுவாள். வேறென்ன இருக்கிறது அவளுக்கு? புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. இஸ்திரிப் பெட்டி யாரையும் அம்மா என்று கூப்பிடாது.

போன மாதம் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரப் போனாள். மழையில் நனைந்த செருப்பை வைக்க அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், பழைய ஷூக்களுக்குப் பின்னால், ஒரு பை. உள்ளே அவளுடைய சோப்புகள். அவள் சுற்றிய அதே காகிதம், அவள் போட்ட அதே இரட்டை முடிச்சு. ஒன்றுகூட அவிழவில்லை. எண்ணினாள்: முப்பத்தொன்று. குளியலறையில் அமுக்கிப் பீய்ச்சும் திரவச் சோப்பு பாட்டில் ஒன்று இருந்ததை முதல் நாளே பார்த்திருந்தாள். மருமகனுடையதாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிளம்பும்போது பையைத் தன் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

"குப்பையில கொண்டுபோய்ப் போடுக்கா" என்றாள், ஊரில் அவள் கூடவே இருக்கும் தங்கை.

"உருக்கி மறுபடி வாக்கப் போறேன். கரடுமுரடா இருக்கறதாலதான் அவ தொடல போல. வழவழன்னு வந்தா ஆசையா எடுப்பா."

"ஆமா, சோப்புதான் கரடுமுரடு."

புதுச் சோப்பு என்றால் சூடு கண்டதும் இளகும். வருஷக்கணக்காகக் கிடந்து காய்ந்ததற்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. காய் துருவியில் துருவித் துருவி விரல் நுனி தேய்ந்தது. அவசரப்பட்டு நேரடியாகத் தீயில் வைத்துக் கிண்டினாள். கிண்டக் கிண்டக் காற்று புகுந்து, அடி பிடித்து, கட்டி கட்டியாகத் திரண்டது. ஆறவைத்துப் பார்த்தால் முன்னைவிட மோசம்.

"பழைய குருடி, கதவைத் திறடி" என்றாள் தங்கை.

மறுபடியும் துருவல். இந்தத் தடவை ஒரு நாள் முழுக்கப் பாலில் ஊறவிட்டாள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், மேலே மூடி, கீழே சிறு தீ. ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீர் விட்டாள். அப்புறம் கிண்டக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்தபோது சோப்பு இளகி, கரண்டியிலிருந்து நாடா மாதிரி இறங்கியது. அச்சில் ஊற்றி, குமிழ் போக மேஜையில் நாலு தட்டு தட்டினாள். மேலே ஒரு சுருக்கம் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு சோப்பு அவள் கைக்கு வந்ததில்லை. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், பாவி.

அப்போதுதான் மகளின் போன் வந்தது. ஊர் திரும்பிப் பத்து நாளாயிற்று. பையைக் காணோமே என்று மகள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றைக்கும் மழையைப் பற்றித்தான் பேசினாள்.

"போன வாரம் சோப்பு அனுப்பினேனே, வந்துச்சா?" என்று நுரையம்மா கேட்டாள். அனுப்பவே இல்லை. ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வரலையேம்மா என்று மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம் என்றிருந்தது.

"வந்துச்சும்மா. காலையில அதுலதான் குளிச்சேன்."

அச்சு மேஜைமேல் இருந்தது. சோப்பு இன்னும் சூடு ஆறவில்லை.

"வழவழன்னு இருந்துச்சா?"

"சூப்பர்மா. உன் கை மாதிரி வருமா?"

தங்கை போனைப் பிடுங்க எழுந்தாள். நுரையம்மா கையைக் காட்டி அவளை உட்காரவைத்தாள்.

"சரி கண்ணு, தீர்ந்ததும் சொல்லு. அடுத்தது அனுப்பறேன்" என்றாள்.