பாம்புக் கல்லுக்குப் பால் கொண்டுவந்தவர்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் நடந்தது இது. வார இறுதிகளில் நான் அங்கே சம்பளமில்லாத காவலன். ஸ்காட்லாந்தில் பிக்ட் என்ற பழங்குடி மக்கள் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய கல் ஒன்று கண்காட்சிக்கு வந்திருந்தது. மேய்ச்சல் வெளியில் நின்று மழையில் கரைந்துகொண்டிருந்ததை மீட்டுக் கூரைக்குள் வைத்திருந்தார்கள். காவலுக்கு ஒரு கயிறும் நானும். கயிறுதான் நம்பகமானது.

கல்லில் ஒரு பாம்பு நெளிந்தது. தென் லண்டனின் சட்டன் பகுதியிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில், கீழே காபிக் கடையில் தேநீருக்குத் தரும் குட்டிப் பால் டப்பாவோடு திரும்பி வந்து காலணியைக் கழற்றினார். நான் கயிற்றருகே ஓடினேன்.

“அம்மா, தொடக்கூடாதுங்க.”

“நான் எங்கை தம்பி தொடுறன்? ஊத்தத்தானே போறன்! எங்கடை பாம்புச் சாமி, நாகதம்பிரானுக்கு நேர்த்திக்கடன். மகளுக்கு எட்டு வருசத்துக்குப் பிறகு இப்பதான் வயித்திலை தங்கியிருக்கு.”

இது நாகதம்பிரான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிக்ட் மக்கள் பாம்பை எதற்குச் செதுக்கினார்கள் என்று நான் படித்த புத்தகங்களுக்கே தெரியாது. அப்போதுதான் மதுரையில் எங்கள் தெருமுனை அரசமரம் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை, ஈரக் கல்லின் குளிர்ச்சி, புளித்த பால் வாசனை, மஞ்சள் அப்பிய என் விரல்கள்.

“எங்க தெருவுலயும் ஒரு நாகர் கல்லு இருந்துச்சும்மா. எங்கம்மா பால் ஊத்துவாங்க, நான் மஞ்சளைத் தேய் தேய்னு தேய்ப்பேன். போன தடவை ஊருக்குப் போனப்ப பாத்தேன். பாம்பைக் காணோம். வெறும் மேடுதான் இருக்கு.”

அவர் கல்லைப் பார்த்தார். பிறகு டப்பாவை.

“மழை திண்டது போதும். நாங்களும் திண்ண வேண்டாம்.”

கயிற்றுக்கு இப்பால் நின்று கும்பிட்டார். மூடியைக் கிழித்து, எட்ட இருந்தே பாம்புக்குக் காட்டி, பாதியைக் குடித்தார்.

“இந்தாரும் தம்பி, பிரசாதம்.”

அரங்கில் எதையும் பருகக் கூடாது. அதைச் சொல்வதும் என் வேலைதான். குடித்தேன். கல்லைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று மேற்பார்வையாளரிடம் விளக்கினேன், அவர் நம்பவில்லை.

கல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிவிட்டது. எங்கள் தெருக் கல்லில் பாம்பு எத்தனை வளைவாக இருந்தது என்று இன்னும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அத்தனை பக்தியாகத் தேய்த்த நான், ஒரு வெள்ளிக்கிழமையாவது தள்ளி நின்று அதைப் பார்த்திருக்கலாம்.