சனிக்கிழமை மாத்திரை

இன்று ருவான்வெல்லை மருந்துக்கடையில் என் பழைய மாணவி செல்வியைப் பார்த்தேன். கருத்தடை மாத்திரை இன்னொரு அட்டை கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நாள் தள்ளிப்போச்சு டீச்சர். கைப்புள்ளைக்கே இன்னும் பால் மறக்கல."

"தினமும் போட்டியா?"

"அவரு கொழும்புல இருந்து வர்ற சனிக்கிழமை மட்டும் போட்டேங்க."

கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மழை பெய்யிற அன்னிக்கு மட்டும் லயத்து வீட்டுக்குக் கூரை போடுவோமா? தினமும் போடணும்மா. இப்ப போடாம, முதல்ல கிளினிக்குக்குப் போ" என்று அவளை அனுப்பிவிட்டு, கடைக்காரரிடம் கேட்டேன்.

"அட்டையில தமிழ் இல்ல. நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"பொம்பளைங்ககிட்ட இதைச் சொல்ல வெக்கமா இருக்காதா டீச்சர்?"

சிரிக்க மட்டும் வெட்கமில்லை. உங்கள் ஊர்க் கடைக்காரராவது வாயைத் திறக்கிறாரா?