கற்பூரமும் பெற்றோலும்

தங்கையின் கணவர் ஆல்பனியில் யாரிடமோ பெற்றோலில் ஓடும் பழைய லொறி ஒன்றை வாங்கிவந்து, ஒடாஹுஹுவில் உள்ள தங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். அடுத்த நாளே பூசை. "பூசைக்கு முதல் ஒருக்கா வந்து எஞ்சினைப் பாருங்கோ அண்ணா" என்று தங்கை கூப்பிட்டிருந்தாள். ஈஸ்ட் டாமாக்கியில் லொறி திருத்துவதுதான் என் பிழைப்பு. அதனால் குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் என் தலையில்தான் விழும். வாங்குவதற்கு முன் மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

வாசலில் கால் வைத்ததுமே பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது.

"பழைய வண்டியெண்டால் மணக்கும்தானே" என்றார் மச்சான். எனக்கு அந்த மணம் பிடிக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். டாஷ்போர்டில், குளிரில் எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழ் இருந்தது. அப்படியென்றால் கார்புரேட்டர் வண்டி. இழுத்துப் பார்த்தேன், எதிலும் பூட்டாத கம்பி சும்மா கையோடு வந்தது. திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் ஓடுமுன்பே பின்னால் பெற்றோல் பம்ப் ஒன்று உறுமி ஓய்ந்தது. யாரோ பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் எஞ்சினைப் பூட்டியிருக்கிறான். கார்புரேட்டருக்குப் பெற்றோல் மெல்ல வந்தால் போதும். இதற்கோ பெரும் அழுத்தத்தில் வரவேண்டும். அதைத் தாங்கும் பெற்றோல் குழாயையும் பூட்டினானா, பாவி?

இறங்கி முன்னால் போனேன். பொனற் திறந்திருந்தது. எஞ்சினில் சந்தனம், குங்குமம்; சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய். பொட்டுக்குப் பக்கத்திலேயே பழைய ரப்பர் குழாய் வெடிப்பு விழுந்து ஈரமாக மினுங்கியது. தங்கை கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டோடு அதை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. தட்டைத் தட்டிவிட்டேன். சீமெந்தில் விழுந்தும் கற்பூரம் எரிந்தது. செருப்புக் காலால் மிதித்தபடி நின்றேன்.

"என்ன அண்ணா செய்யிறியள்? சாமி காரியம்!" அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"ஒண்டும் நடக்காது மச்சான், சும்மா பயப்படுத்தாதேங்கோ" என்று தங்கையின் கணவர் ஏறித் திறப்பைத் திருப்பினார். பம்ப் உறுமியது. குழாய் பிளந்து பெற்றோல் சீறி, தங்கையின் சேலையை நெஞ்சிலிருந்து கால்வரை நனைத்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று அலறினேன். நிறுத்தினார். கற்பூரம் அணைந்துவிட்டதா என்று பார்க்கச் செருப்பைத் தூக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

தங்கை சேலையைப் பார்க்கவில்லை. லொறியின் இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா," என்றாள், "நேற்றுப் பின்னேரம் இவர் இதிலதான் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால ஏத்திக்கொண்டு வந்தவர்."