விலை கூடின டிக்கெட்

எங்கள் சித்திக்கு பெங்களூரில் மாப்பிள்ளை அமைந்தபோது வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். சித்தி, அம்மாவின் தங்கை, சினிமாப் பைத்தியம். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் பார்த்தாக வேண்டும். துணைக்கு நான். நாலாம் வகுப்புப் படித்த எனக்கு, ஒரே கட்டடத்துக்குள் எட்டுத் தியேட்டர் இருக்கிற ஊரில் சித்தி வாழப் போகிறாள் என்பதை நினைத்தாலே பொறாமையாக இருந்தது. இனிமேல் தினம் ஒரு படம் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். சித்தி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, லீவுக்கு வா, சேர்ந்தே பார்ப்போம் என்றாள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு இருவரும் திருநெல்வேலி வந்தார்கள். மறுவீடு வந்த ஜோடியைப் பெண்ணின் அண்ணன் சினிமாவுக்குக் கூட்டிப் போவது எங்கள் குடும்பத்து வழக்கம். டிக்கெட், இடைவேளை முறுக்கு, கலர் சோடா, போக வர ஆட்டோ, எல்லாம் அண்ணன் பாடு. மாப்பிள்ளை தன் சட்டைப்பையில் கை வைத்துவிட்டால் பெண் வீட்டுக்கே தலைகுனிவு. சித்தியின் அண்ணனான மாமாவுக்கு டவுனில் பூக்கடை. அன்றைக்குக் காலை வியாபாரத்தோடு கடையைச் சாத்திவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையையே மறுபடியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மாவும் நானும் கூடவே கிளம்பினோம்.

புதுச் சித்தப்பா நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் சும்மா இருக்காது. தியேட்டர் வாசலில் டிக்கெட் விலை எழுதியிருந்த பலகையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் காசுக்கு எங்கள் ஊர் மாலில் பாப்கார்ன்கூடக் கிடைக்காது என்றார். இதே படத்துக்கு அங்கே நாலு மடங்கு விலையாம். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. தங்கை புருஷனுக்கு ஆசையாகச் செய்ய வந்தது பாப்கார்னுக்கும் கீழே போய்விட்டதே! விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இதவிட விலை கூடுன டிக்கெட் இல்லியா அண்ணாச்சி?"

கவுண்டரில் இருந்தவர் குனிந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

"எல்லாம் ஒரே ரேட்டுதான். எங்கன வேணாலும் உக்காருங்க."

"புது மாப்பிள்ளை வந்திருக்காவ. பாத்துச் செய்யுங்க."

அவரும் பாவம், நெடுநேரம் யோசித்துவிட்டு, ஏசிக்கு நேர் கீழே உட்காருங்கள் என்றார். மாமா அதே டிக்கெட்டுகளோடு திரும்பி வந்து, நல்ல சீட்டாகச் சொல்லி வாங்கியிருக்கிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா படம் முழுக்க ஏசிக் காற்றில் தும்மிக்கொண்டே இருந்தார்.

இடைவேளையில் என் சந்தேகத்தைக் கேட்டேன். பெங்களூரில் ஓடும் படத்தில் சண்டை கூடுதலாக இருக்குமா? அப்படியெல்லாம் இல்லை, அதே படம்தான் என்றார்கள். பிறகு ஏன் நாலு மடங்கு என்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா வரி என்றாள். மாமா, அந்த ஊர்க்காரர்களிடம் காசு கிடக்கிறது, தியேட்டர்காரன் வாங்குகிறான் என்றார். சித்தப்பா, நம் பக்கத்தில் இதற்குமேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் வரம்பு வைத்திருக்கிறது, அங்கே அதெல்லாம் கிடையாது என்றார். மாலுக்கு வாடகை வேறு. அங்கேயும் ஒரே விலை இல்லையாம். வெள்ளி, சனி, ஞாயிறு ஏறும், திங்கள் இறங்கும், காலைக் காட்சிக்கு இன்னும் இறங்கும், பெரிய நடிகர் படம் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. போனில் எடுத்தால் எடுத்ததற்கும் தனிக் காசு.

அதே நாற்காலிக்கா என்று மாமா கேட்டார். அதே நாற்காலிக்குத்தான்.

"பகல் கொள்ளையால்லா இருக்கு" என்றார் மாமா. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிகைப்பூவை மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவர் அவர். நம்ம மல்லிகைப்பூ மாதிரியா மாமா என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதேதான், பிள்ளை சரியாகப் பிடித்துவிட்டாள் என்று சித்தப்பா மெச்சினார். ஆனால் எனக்குக் குழப்பம் கூடத்தான் செய்தது. பூ சாயங்காலம் வாடிவிடும். படம் எங்கே வாடுகிறது?

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை படத்துக்குப் போவீர்கள் என்று சித்தி மெதுவாகக் கேட்டாள். சித்தப்பா, வருஷத்துக்கு ஒன்று இரண்டு போனால் அதிகம், கொஞ்ச நாள் பொறுத்தால் எல்லாம் டிவியிலேயே வந்துவிடுமே என்றார். தான் செலவாளி இல்லை என்று மச்சினன் காதில் விழட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. மாமாவும் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. எட்டுத் தியேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

படம் முடிந்ததும் சித்தி எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடிந்து, திரை வெறுமையாகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்த பிறகுதான் வெளியே வந்தோம்.

ஆட்டோ ஆற்றுப்பாலத்தில் ஏறியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாமா சித்தப்பாவிடம் பூ வியாபாரம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் சித்தி கேட்டாள்.

"அங்க செவ்வாக்கெழம காலையில டிக்கெட் எவ்வளவு இருக்கும்?"

"பாதிகூட இருக்காது" என்றார் சித்தப்பா. "ஆனா அந்த நேரத்துல வேலைவெட்டி இல்லாதவங்கதான் போவாங்க."

சித்தி சரியென்று தலையாட்டிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் விசிலும் இல்லாவிட்டால் அது படமே இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவள், ஆளில்லாத காலைக் காட்சிக்கு விலை கேட்கிறாளே! கல்யாணம் ஆனதும் சித்திக்கு ரசனை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் சித்தப்பா ஆபீஸில் இருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.