மாமா செருப்பைக் கழட்டிட்டு ஓட்டின டெஸ்ட் டிரைவ்

முதல்ல என் கண்ணுல பட்டது மாமாவோட கால்தான்...

புதுக் கார்னு, செருப்பை ஒர்க்‌ஷாப் வாசல்லயே விட்டுட்டு ஏறிட்டார். கோயிலுக்குள்ள போற மாதிரி. ஆக்ஸிலரேட்டர் மேல வெறுங்கால். கட்டை விரல்ல அவரோட மல்லாட்டை மண்டியில வேர்க்கடலை மூட்டையிலருந்து கொட்டின செம்மண் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

மூணு வருஷம் ஆச்சு. இன்னும் அந்தக் காலை நினைச்சா எனக்கு மூஞ்சி சுடுது.

மாமான்னா சொந்த மாமா இல்ல. எங்க அக்காவைத் தன் பையனுக்குக் கேட்டு வந்த கீழ்பென்னாத்தூர்க்காரர். பூ வச்சுட்டுப் போயிருந்தாங்க. நிச்சயத்துக்கு நாள் குறிக்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பேசி, கடைசி நேரத்துல நின்னு போயிருந்துச்சு. அதனால அவர் தும்மினாக்கூட எங்க வீட்ல எல்லாரும் எழுந்து நிப்போம்.

நான் அப்ப ஸ்கூலை விட்டுட்டேன். லெவன்த்ல பாதியிலேயே. கிளாஸ்ல பேர் சொல்லி எழுப்பினா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்... வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. பெரியம்மா பையன் பாபு அண்ணன் வேங்கிக்கால்ல ஒர்க்‌ஷாப் வச்சிருந்தான். வண்டியில லேப்டாப்பை மாட்டி, டர்போ காருங்களுக்கு பவர் ஏத்தித் தருவான். "வீட்ல சும்மா உக்காந்திருக்காதே, வா"ன்னு கூட்டிட்டுப் போனான்.

என் வேலை சின்ன வேலை. டெஸ்ட் டிரைவ் போகும்போது முன்சீட்ல லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு நம்பரைப் பார்க்கணும். டர்போ எவ்ளோ காத்தை இஞ்சினுக்குள்ள அழுத்துதுன்னு அந்த நம்பர் சொல்லும். ஒவ்வொரு வண்டிக்கும் அண்ணன் ஸ்க்ரீன்ல ஒரு சிவப்புக் கோடு போட்டு வச்சிருப்பான்.

"கம்பெனி போட்ட இஞ்சின்டி இது. உள்ள ஒரு சாமானும் நாம மாத்தல. கொஞ்சம் ஏத்தினா தாங்கும். ஜாஸ்தி ஏத்தினா முதல்ல க்ளட்ச் போகும், அப்புறம் பிஸ்டனே போகும்"பான்.

கோட்டைத் தொட்டா நான் "போதும்"னு சொல்லணும். எனக்குத்தான் சத்தம் வராதே... அதனால டேஷ்போர்டுல ரெண்டு தட்டு. தட்டின உடனே அண்ணன் காலை எடுத்துடுவான்.

வெயில் நேரத்துல அண்ணன் டெஸ்ட் போகவே மாட்டான். உள்ள போற காத்தே கொதிக்கும், காலையில தாங்கற பவர் மத்தியானம் தாங்காதுன்னு சொல்லுவான். புதுக் காருக்குப் பவர் ஏத்திக்க மாமா வந்ததோ சித்திரை மாசம், உச்சி வெயில்ல. சம்பந்தியா வரப்போறவர்கிட்ட "சாயந்திரம் வாங்க"ன்னு எப்படிச் சொல்றது? "என் வண்டிய நானே ஓட்டறேன்"னு வேற சொல்லிட்டார். அண்ணன் பின்சீட்ல போய் உக்காந்துட்டான்.

"பாதிக்கு மேல அழுத்தாதீங்க மாமா."

"எனக்குத் தெரியும்பா. டிராக்டர் ஓட்டின கால் இது."

அவலூர்பேட்டை ரோடு. ஏசியை ஃபுல்லா வச்சார். பாட்டு போட்டார். ரோடு காலியானதும் அந்த வெறுங்கால் அப்படியே கீழ போயிடுச்சு...

நம்பர் கோட்டைத் தொட்டுச்சு. நான் ரெண்டு தட்டு தட்டினேன்.

மாமா திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். "பாட்டுன்னா உசுரா உனக்கு? தாளம்லாம் போடறியே!" சவுண்டை இன்னும் கூட்டினார்.

மறுபடி தட்டினேன். அவரும் ஸ்டியரிங்ல தட்டினார்.

பின்னாடி அண்ணன், "மாமா, போதுங்க மாமா... கொஞ்சம் பார்த்து மாமா..."

"இருப்பா, இப்பத்தான் வண்டி பேசுது!"

பேசத்தான் செஞ்சுச்சு. டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இஞ்சின்ல ஒரு சத்தம். இது கேட்டா யோசிக்கவே யோசிக்காதே, இஞ்சின் உடையப் போகுதுன்னு அர்த்தம்னு அண்ணன் சொல்லியிருக்கான். பாட்டுச் சத்தத்துல மாமாவுக்கு அது கேட்கல.

அப்பத்தான் என் வாயிலருந்து வந்துச்சு.

"டேய்! காலை எடுடா!"

அவ்வளவு சத்தமா நான் பேசினது வாழ்க்கையில அதான் முதல் தடவை. அப்பா வயசுல இருக்கறவரை... சம்பந்தியை...

மாமா காலை எடுத்துட்டார். வண்டி ஓரமா நின்னுச்சு. பாட்டை யார் நிறுத்தினாங்கன்னு ஞாபகம் இல்ல. "ஆஃப் பண்ணிடாதீங்க மாமா, சும்மா ஓடட்டும், டர்போ சூடு ஆறணும்"னு சொல்லிட்டு அண்ணன் பானெட்டைத் திறக்க ஓடினான். என் பக்கம் பார்க்கவே இல்ல.

மாமா கதவைத் திறந்தார். இறங்கிப் போய் ரோட்டோரமா அந்தப் பக்கம் பார்த்து நின்னார். போனை எடுத்துக் கையில வச்சுக்கிட்டார். யாருக்குப் பண்ணப் போறார்... அவர் வீட்டுக்கா? அக்கா அன்னிக்குக் காலையிலதான் நிச்சயப் புடவைக்கு ப்ளவுஸ் தைக்கக் குடுத்துட்டு வந்திருந்தா.

இப்ப இதைச் சொல்லி வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. மாமாவே பேரனை மடியில வச்சுக்கிட்டு, "உங்க சித்தி என்னை டேய்னு கூப்பிட்டவடா"ன்னு சொல்லிக் குடுக்கறார். காரும் நல்லாத்தான் ஓடுது, அண்ணன் அன்னிக்கே பழைய பவருக்கு மாத்திட்டான். நானும் இப்ப தட்டறதில்ல. வாயைத் திறந்தே நம்பரைச் சொல்றேன். சில சமயம் மட்டும் விரல் பழக்கத்துல டேஷ்போர்டு பக்கம் போயிட்டு வரும்...

எல்லாரும் சிரிக்கும்போது நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவேன். அவங்களுக்கு அந்த "டேய்" ஞாபகம் இருக்கு. எனக்கு அதுக்கு அப்புறம் அவர் நின்ன நிலைதான்.

தார் இளகிக் கிடந்துச்சு. செருப்பு ஒர்க்‌ஷாப் வாசல்ல. மாமா ஒரு காலைத் தூக்கி, ஒரு காலை வச்சு, மாத்தி மாத்தி நின்னுக்கிட்டிருந்தார். கோவத்துல இறங்கினவருக்குத் திரும்பி வந்து வண்டியில உக்கார மனசு வரல. மன்னிச்சுக்கங்க மாமான்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

காத்துதான் வந்துச்சு.

லேப்டாப்பை சீட்ல வச்சுட்டு இறங்கிப் போனேன். என் ரோஸ் கலர் ரப்பர் செருப்பைக் கழட்டி, அவர் காலுக்கு நேரா திருப்பி வச்சுட்டு, தார்ல நின்னேன்.