ஆட்சேபணை மூன்றாவது பத்தியில் இருந்தது

நாற்பத்தொரு பேரை ஒரு திட்டத்தை எதிர்க்கச் சொல்லிக் கிளப்பிவிட்டு, நாற்பத்தொரு பேரையும் அதை ஆதரிக்க வைத்தவன் நான். காசு வாங்கிக்கொண்டு செய்திருந்தால் சாமர்த்தியம் என்றாவது சொல்லியிருப்பார்கள். நான் இதை இலவசமாக, என் தமிழ்ப் புலமை ஒன்றை மட்டுமே கொண்டு செய்து முடித்தேன்.

விஷயம் ஒரு பஸ் நிறுத்தம். பாளையங்கோட்டை போகிற டவுன் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். அதை நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றுவதாக ஒரு திட்டம். சம்பந்தப்பட்ட அலுவலகம் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, வரைபடத்தையும் போட்டு, மக்களே கருத்துச் சொல்லுங்கள், பதினைந்து நாள் அவகாசம் என்றது. செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். அதைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். எழுதியது எல்லார் பார்வைக்கும் வரும். எழுதியதைப் படித்து அந்தப் பக்கமே நிறம் போட்டுவிடும்: ஆதரவு என்றால் பச்சை, ஆட்சேபணை என்றால் சிவப்பு.

எனக்கு அந்த நிறுத்தத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பைக் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாளுக்குத்தான் சிக்கல். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, ஒரு காலில் இரும்புக் கேலிப்பர், கையில் ஊன்றுகோல். தெருமுனை வரை யார் தயவும் இல்லாமல் போய்விடுவார். நாற்கரச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நானே கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பேன். அவரால் முடியவே முடியாது.

"மாத்திட்டாங்கன்னா வேலையை எழுதிக் குடுத்துர வேண்டியதுதான் அண்ணாச்சி" என்றார் ஒரு நாள் காலை, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்கிற தொனியில்.

"கவலைப்படாதீங்க. நம்ம தெரு பூராவுக்கும் சேத்து நான் எழுதுதேன்" என்றேன்.

கவலை அவர் முகத்தில் அப்போதுதான் வந்தது.

கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் பஸ் தூரத்தில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மனு எழுதத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வணக்கம். பிறகு புகழ்ச்சி. வயிற்றெரிச்சல் எல்லாம் கடைசியில், அதுவும் பணிவாக. எடுத்த எடுப்பில் 'வேண்டாம்' என்பது கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் பந்தி எங்கே என்று கேட்கிற மாதிரி. நான் மரபு தவறாதவன். 'மக்கள் நலனே மூச்சாக அல்லும் பகலும் உழைத்துவரும் தங்கள் மேலான அலுவலகத்தின் தொலைநோக்குத் திட்டத்தை மனமார வரவேற்கிறோம்' என்று தொடங்கினேன். இரண்டாம் பத்தியில் தாமிரபரணியை ஓடவிட்டேன். மூன்றாம் பத்தியில் 'எனினும்' போட்டு, நிறுத்தத்தை மாற்ற வேண்டாம் என்று முடித்தேன்.

அந்த அம்மாளிடம் காட்டினேன்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. எங்க ஆபீசுக்கு இப்படி ஒண்ணு வந்தா, முத வரியைப் பாத்துட்டு, பிரச்சினை ஒண்ணுமில்லன்னு கட்டி வச்சிருவோம். கொஞ்சம் சுருக்கலாமா?"

"சுருக்குனா நயம் போயிரும்" என்றேன்.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். அப்படியே நகல் எடுத்துப் பெட்டியில் ஒட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் சொந்தமாக எழுதிக்கொண்டதாகச் சொன்னார். எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

கடைசி நாள் மத்தியானம் இரண்டேகாலுக்கு அவரிடமிருந்து போன். ஆபீசிலிருந்து, அடங்கிய குரலில்.

"அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்லையே."

"பாருங்க. நம்ம தெரு பூரா பச்சையில நிக்கு."

திறந்தேன். நாற்பத்தொரு பச்சை. ஒரே ஒரு சிவப்பு, அவருடையது. பெட்டி ஐந்நூறு எழுத்துதான் கொள்ளுமாம். மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுமாம். என் மனுவில் வெட்டுப்பட்டது 'எனினும்' முதல். தாமிரபரணி தப்பித்துவிட்டது.

"திருத்த வழி இருக்கு" என்றார். "அவங்கவங்க போனுக்கு மறுபடி ஓடிபி வரும், அதைப் போட்டாத் திறக்கும். ஆனா அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. நான் அரை நாள் லீவு போட்டுட்டு வாரேன். நீங்க ஆரம்பிச்சிருங்க."

செருப்பை மாட்டினேனா என்று நினைவில்லை. முதலில் முனை மளிகைக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தெருவில் பாதிப் பேர் அவர் சொன்னால்தான் எதையும் செய்வார்கள்.

"போனைக் குடுங்க அண்ணாச்சி. ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"ஓடிபியைக் கூடப்பொறந்தவன் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு போன வாரம் குரூப்புல போட்டது யாருவே?"

"நான்தான்."

"அவசரம் அவசரம்னுதான் கேப்பான்னு போட்டது?"

"அதுவும் நான்தான். ஆனா இப்பக் கேக்கதும் நான்தானே?"

"அதத்தாம்வே நானும் சொல்லுதேன்."

அடுத்த வீட்டில் மதியத் தூக்கம். அதற்கடுத்த வீட்டுக்காரர்கள் களக்காட்டில் ஒரு கல்யாணத்தில். போனில் மேளச் சத்தம்தான் கேட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஓடிபியைத் தந்தார், ஆனால் புது வாசகத்தைப் படித்துப் பார்க்காமல் ஒப்ப மாட்டேன் என்று கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில் இருந்தது என்பதை நானும் கவனிக்கவில்லை. மூன்றரை மணிக்கு நான் திருத்தியிருந்தது நான்கு.

மூன்றே முக்கால் பஸ்ஸில் அந்த அம்மாள் வந்து இறங்கினார். நேரே மளிகைக்கடைக்கு வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, போன்" என்று கையை நீட்டினார்.

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். அவரிடமே கேட்டேன், எனக்கு ஏன் தரவில்லை என்று.

"அவளுக்குத்தானே பஸ்ஸு. உமக்கு என்ன?" என்றவர், தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, போனை எடுத்துட்டு எல்லாரும் இங்கன வாங்கலே!"

வந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு போனையும் வாங்கி, என் மனுவை அழித்துவிட்டு, 'பஸ் நிறுத்தத்தை மாற்ற வேண்டாம்' என்று மட்டும் அடித்தார்.

"ஒரு வணக்கமாவது..." என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் விலகி நின்றுகொண்டேன்.

நாலரைக்கு மேல் இணையப் பக்கம் திணற ஆரம்பித்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அவர் அவசரத்தில் ஓர் எண்ணைத் தப்பாகத் தட்டினார். நாலு ஐம்பத்தேழுக்கு ஒன்று சிவப்பாயிற்று. அடுத்த போனை வாங்கினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே 'அவகாசம் முடிந்தது' என்று வந்துவிட்டது.

இருபத்து மூன்று பேர் சிவப்புக்கு வந்திருந்தார்கள். பதினெட்டுப் பேர் என் நயத்தோடு பச்சையிலேயே தங்கிவிட்டார்கள்.

அவர் போனை உரியவரிடம் கொடுத்துவிட்டு ஊன்றுகோலை எடுத்தார். "சரி, பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைய நடந்து வீட்டுக்குள் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதன்பின் மூன்று வாரம், காலையில் அவர் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் நான் வெளியே போகவில்லை. பால் வாங்கக்கூடப் பின்தெருவைச் சுற்றினேன். ஒரு நாள் அவர் வீட்டு ஜன்னல் வழியாக, பென்ஷன் எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று அவர் யாரிடமோ போனில் விசாரிப்பது காதில் விழுந்தது.

முடிவு அந்த இணையப் பக்கத்திலேயே வெளியாயிற்று. 'பொதுமக்கள் தெரிவித்த கருத்துகள் பரிசீலிக்கப்பட்டு, நிறுத்தம் தற்போதுள்ள இடத்திலேயே தொடரும்.' நான் பல் தேய்த்தும் தேய்க்காமலும் தெருமுனைக்கு ஓடினேன். அவர் வழக்கமான இடத்தில், கைப்பையோடு, பஸ்ஸைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். போனை நீட்டி, 'பொதுமக்கள் தெரிவித்த கருத்துகள்' என்ற வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் உரக்கவே படித்தேன்.

"நேத்தே பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றார். "அந்தப் புது எடத்துல பஸ்ஸைத் திருப்ப முடியலையாம். நம்ம டிரைவர் ஒரு நாள் கொண்டுபோய்ப் பாத்துட்டு, டெப்போவுல சொல்லிட்டாராம். நம்ம எழுதுனதை அவங்க தொறந்தே பாக்கலையாம்."