கிணற்றைப் பற்றி ஒரு கடுதாசி

எங்கள் தெருவின் பெயர் அதுவரை இரண்டே முறைதான் பத்திரிகையில் வந்திருந்தது. முதல் முறை, நாகல் நகரில் ஒரு வீட்டுப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் எங்கள் தெருவில் வைத்துப் பிடிபட்டபோது. அவன் எங்கள் தெருக்காரன்கூட இல்லை, குறுக்கு வழி என்று நுழைந்தவன். இரண்டாம் முறை, காலரா வந்த வருஷம். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று போடவில்லை.

நான் சொல்வது திண்டுக்கல்லில் வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த நாலு பக்க வாரப் பத்திரிகையை. ரயில் நேரம், டூரிங் கொட்டகையில் என்ன படம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்து வாழ்த்தினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக டீச்சர் டிரெயினிங் முடித்த வாரத்தில் அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. ஒரு வக்கீல் வீட்டு நாய் காணாமல் போனது மட்டும் அடையாளங்களோடு வந்திருந்தது. அத்தை அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் தெரு தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருந்தது. தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் உண்டு, எல்லார் மேலும் ஒரே தோல் வாடை. ஷாப்பில் ஊறவைத்த ஆவாரம்பட்டைத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரு வாய்க்காலில் ஓடும். ஒரு கோடையில் முதலாளி அந்த வாய்க்காலைத் திருப்பி எங்கள் பக்கம் விட்டார். இரண்டு மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. சோறு பழுப்பாக வெந்தது. கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாகல் நகர்வரை நடந்து, வீடு வீடாகக் கெஞ்சிக் கொண்டுவந்தார்கள். முதலாளியிடம் ஆண்கள் இரண்டு முறை போய்ச் சொன்னார்கள். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் அத்தை பத்திரிகைக்கு ஒரு கடுதாசி எழுதினாள். அதில் கோபமே இல்லை. கிணற்றின் ஆழம், தண்ணீரின் நிறம், வாய்க்கால் திரும்பிய மாதம், படுத்த குழந்தைகள் எத்தனை, இவ்வளவுதான். கீழே 'தெருவாசி' என்று போட்டு, பத்திரிகை ஆபீஸில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பெயர் போட முடியாது. அத்தை வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் மேனேஜரும் அதே முதலாளிதான். அத்தையின் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் பாதி நாள் அடுப்பு எரிந்தது. இந்த விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதன் கனம் புரியவில்லை.

கடுதாசி அப்படியே வந்துவிட்டது, ஒரு வார்த்தை குறையாமல்.

பத்திரிகையை நடத்தியவரை எல்லாரும் அச்சாபீஸ் ராவுத்தர் என்பார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துச் சம்பாதித்து, அந்தக் காசில் வாரப் பத்திரிகை நடத்தி நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர். அடுத்த வாரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைக் கையில் மை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, முதலாளியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

"அந்தத் தெருவுல பேனா பிடிக்கத் தெரிஞ்சவன் எவன் இருக்கான், நீரே எழுதி நீரே போட்டுக்கிட்டீரான்னு கேக்குறாரு. நெசமாவே அங்கயிருந்து வந்துச்சுன்னா கடுதாசியக் காட்டணுமாம். இல்லாட்டி முதல் பக்கத்துல மன்னிப்புப் போடணுமாம்."

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "போட்டுருங்க பாய். நீங்க எதுக்கு எங்களுக்காக..."

"ஒங்களுக்காகவா? நல்லாருக்கே கதை!" ராவுத்தருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நடந்தத நடந்துச்சுன்னு போட்டதுக்கு மன்னிப்பு கேட்டா, அப்புறம் அந்த மிஷினுல நான் கல்யாணப் பத்திரிகை மட்டுந்தான் அடிக்கணும். மன்னிப்பும் போடமாட்டேன், டீச்சரம்மா பேரும் சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

"ஆனா கடுதாசியப் பாத்தா அவருக்கு என் கையெழுத்துத் தெரிஞ்சிரும்ணே" என்றாள் அத்தை. "மாசாமாசம் ரிப்போர்ட்டு எழுதிக் குடுக்குறது நாந்தான்."

வழி சொன்னது என் அம்மா. பெயரைக்கூட எழுதத் தெரியாதவள், அடுப்பங்கரையில் இருந்தபடியே சொன்னாள்.

"கெணறு அம்புட்டுப் பேருக்கும் பொதுதானே? கடுதாசி மட்டும் எதுக்கு ஒருத்தரு எழுதணும்? வீட்டுக்கு ஒண்ணு எழுதுனா அவரு யாரத் தேடுவாரு?"

ராவுத்தர் அம்மா இருந்த திசையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். முதலாளியிடம் காட்டும் கட்டுக்குள் அசல் கடுதாசியும் இருக்க வேண்டும். அது இல்லாமல் மற்றதைக் காட்டினால் தானும் பொய்யன்தான் என்றார். அத்தை யோசிக்கவே இல்லை, சரி என்றாள். நான் அப்போது பல்லிமிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். காதில் விழுந்தது, புத்திக்குள் போகவில்லை.

இரண்டு சாயங்காலம் தெருவே பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. அத்தை வரி வரியாகச் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதினோம். பெரியவர்கள் அதைப் பார்த்து அவரவர் வீட்டுக்கு வரைந்துகொண்டார்கள். வரைந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தோலைச் சுரண்டிய விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் 'கிணறு' என்ற ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவரை எல்லாரும் கேலி செய்தார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போனார். நோட்டுத் தாள், காலண்டர் பின்பக்கம், மளிகைக்கடைக் காகிதம் என்று கிடைத்ததில் எல்லாம் எழுதினார்கள். சிலர் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டார்கள், சிலர் 786 போட்டார்கள், சிலர் சிலுவைக் குறி போட்டார்கள். அதை மட்டும் யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

எங்கள் வீட்டுக் கடுதாசியை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். அஞ்சாம் வகுப்பில் என் கையெழுத்துதான் முதல். அத்தையின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே பழகியிருந்தேன். சுழி, வளைவு, வால் எல்லாம் அவளுடையதுதான். அத்தைக்கு இது பிடிக்காது. "எம் மாதிரியே எழுதாதடி. ஒனக்குன்னு ஒரு எழுத்து வரட்டும்" என்று திட்டுவாள். பொறாமை என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அழகாக எழுதி முடிக்கும்போது கடைசி வரியில் மை சொட்டிவிட்டது. சாக்பீஸை உருட்டி ஒற்றியெடுத்தேன். கடுகளவு நீலம் போகவே இல்லை. அத்தை வாங்கிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். முதலாளி ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்திருந்தார். ராவுத்தர் சணலால் கட்டிய கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தது, அத்தை பாடம் நடத்திக்கொண்டிருந்த எங்கள் வகுப்பிலிருந்தே தெரிந்தது. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான்.

"காட்டச் சொன்னீக. நாப்பத்து மூணு இருக்கு, எண்ணிக்கிருங்க."

காகிதம் புரட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு முதலாளி ஒரு தாளைக் கையில் பிடித்தபடி எங்கள் வகுப்புக்குள் வந்தார். நாங்கள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. தாளை அத்தையின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது யாரு கையெழுத்து, டீச்சர்?"

நான் முதல் பெஞ்ச். தாள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளையார் சுழி, அழகான வளைவுகள். நாற்பத்து மூன்றில் இதை மட்டும் பொறுக்கி எடுத்து, யார் எழுதியது என்று கேட்டுக்கொண்டு மேனேஜரே வந்திருக்கிறார் என்றால் எதற்காக இருக்கும்? பரிசு கொடுக்கத்தான். கடைசி வரியைப் பார்த்தேன். நீலக் கறை இல்லை. சாக்பீஸ் இவ்வளவு நன்றாக வேலை செய்யுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"என்னுது சார்!" என்று எழுந்து நின்றேன் நான்.

அத்தை என் பக்கம் திரும்பிய வேகத்தில் அவள் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. "நீ உக்காரு" என்றாள். நான் உட்காரவில்லை. பரிசை விட்டுக்கொடுக்க எனக்கு என்ன பைத்தியமா?

"ஒன்னுதா? எங்க, போர்டுல எழுது பாப்போம்" என்றார் முதலாளி.

போனேன். சாக்பீஸ் துண்டைப் பொறுக்கி, கடுதாசியின் முதல் வரியை எழுதினேன். எங்கள் தெருக் கிணறு இருபத்தெட்டு அடி ஆழம். என் வாழ்நாளில் அவ்வளவு நிறுத்தி, அவ்வளவு அழகாக எதையும் எழுதியதில்லை. அவர் போர்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"மத்ததெல்லாம் யாரு எழுதுனது?"

"எங்க தெருவுல எல்லாரும் எழுதுனோம் சார். வீட்டுக்கு ஒண்ணு."

தட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ராவுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலாளி தாளை பெஞ்சின் மேல் போட்டுவிட்டு வெளியே போனார். பரிசு எதுவும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் மன்னிப்பு வரவில்லை. அந்தக் கடுதாசியே மறுபடி வந்தது, இந்த முறை முதல் பக்கத்தில், எங்கள் தெருவின் பெயர் கொட்டை எழுத்தில். கீழே 'தெருவாசி' இல்லை, 'நாற்பத்து மூன்று வீட்டார்' என்று இருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டார். முதலாளி பத்திரிகைக்குக் கொடுத்துவந்த விளம்பரத்தை நிறுத்தினார், பத்திரிகை நாலு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமானது. ராவுத்தர் ரயில் நேரத்தை எடுத்துவிட்டார், எங்கள் கிணற்றை எடுக்கவில்லை. வாரா வாரம் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு வரி போட்டுக்கொண்டே இருந்தார். வாய்க்கால் பழையபடி திரும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த வரி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். வலிக்கிறது என்று கத்தினேன். பின்னி முடித்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

பிறகு நானே பத்திரிகை வேலைக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். விசாரிக்காமல் ஒரு வரி எழுதாதே என்று புதிதாக வருகிற பிள்ளைகளை முப்பது வருஷம் விரட்டினேன்.

அத்தை போன பிறகு அவளுடைய தகரப் பெட்டியை நான்தான் திறந்தேன். அடியில், டிரெயினிங் சர்டிபிகேட்டுக்குள், நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. பிள்ளையார் சுழி. எங்கள் தெருக் கிணறு இருபத்தெட்டு அடி ஆழம். கடைசி வரியில், சாக்பீஸ் தூள் அப்பிய கடுகளவு நீலக் கறை.

என் கடுதாசியை அத்தை அந்தக் கட்டில் வைக்கவே இல்லை. எங்கள் வீட்டுக் கணக்குக்கு அவளுடைய அசலே போதும் என்று இருந்துவிட்டாள். பிள்ளையைக் கேடயமாகப் பிடிக்க அவளுக்கு மனசில்லை. அன்றைக்கு அவள் வாயைத் திறந்தது 'என்னுது' என்று சொல்லத்தான். அதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.